சந்தால் கிராமத்தில் முடிவு எடுப்பது யார்?



ஜார்க்கண்டின் கிழக்கு மூலையிலுள்ள சந்தால் பர்கானாவிலிருந்து வரும் ஜெபக்குறிப்புகளை நம்மில் பலர் வாசித்திருக்கிறோம். தும்கா, பாகூர், சாகிப்கஞ்ச், கோட்டா என்ற பெயர்கள் நம் சபைகளில் பழகிவிட்டன. ஆனால் அங்கே வாழும் மக்களைப் பற்றிக் கேட்டால், "காட்டில் இருக்கிறவர்கள், வேட்டையாடுகிறவர்கள், பாவம், ஒன்றும் அறியாதவர்கள்" என்பதற்குமேல் பலரிடமும் பதில் வருவதில்லை. அறியாதவர்கள் அவர்களா நாமா என்பது யோசிக்கவேண்டிய விஷயம். ஆகவே இந்த இதழில் நோய்களைப் பற்றி எழுதாமல், அந்த மக்களின் ஊர் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

இதற்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே ஆபரேஷன் செய்யவேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று கணவனிடம் கேட்டால், அவன் பேனாவைத் தொடாமல் வெளியே போய் மரத்தடியில் இருக்கும் ஊர்க்காரரோடு பேசத் தொடங்குவான். தெற்கிலிருந்து புதிதாகப் போன டாக்டருக்கும் நர்ஸுக்கும் கோபம் வரும். மனைவியின் உயிர்மேல் அக்கறை இல்லாதவன் என்று நினைப்பார்கள். அவனோ தன் ஊர் கற்றுக்கொடுத்தபடி மிகுந்த அக்கறையோடுதான் நடந்துகொள்கிறான். பெரிய காரியத்தைத் தனியாக முடிவு செய்கிறவனை அவன் ஊரில் யாரும் மதிப்பதில்லை.

சந்தால்கள் இந்தியாவின் மிகப் பெரிய பழங்குடி மக்களில் ஒருவர். 2011 கணக்கெடுப்பில் சந்தாலி மொழி பேசுகிறவர்கள் 73 லட்சத்துக்கும் மேல். ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், ஒடிசா, பீகார், அஸ்ஸாம் ஆகிய மாநிலங்களிலும், வங்கதேசத்திலும் நேபாளத்திலும் வாழ்கிறார்கள். அவர்கள் மொழி இந்தியோடும் வங்காளியோடும் சேர்ந்ததல்ல. முண்டா குடும்பத்தைச் சேர்ந்தது. கம்போடியாவில் பேசப்படும் கெமர் மொழி அதற்குத் தூரத்து உறவு. 1925-ல் ரகுநாத் முர்மு அந்த மொழிக்கென்றே ஒல் சிக்கி என்ற எழுத்தை உருவாக்கினார். 2003-ல் சந்தாலி அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. இடையில் ஒன்று சொல்லவேண்டும். அதே பகுதியில் ராஜ்மகால் மலைகளின்மேல் வாழும் பகாடியா மக்கள் பேசும் மால்தோ, திராவிட மொழி. கங்கைக் கரைக்கு அருகே மலையுச்சியில் நம் தமிழுக்கு ஒரு சகோதரி இருக்கிறாள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊரும் மூப்பர்களும்

சந்தால் கிராமத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நடுவே நீளமான ஒரே தெரு. அதற்குக் குல்ஹி என்று பெயர். இரண்டு பக்கமும் மண் சுவர் வீடுகள். சுவர்களைச் சாணியும் வண்ண மண்ணும் கொண்டு பெண்கள் அவ்வளவு நேர்த்தியாக மெழுகியிருப்பார்கள். தலைவரின் வீட்டருகே ஒரு சிறு மேடை, மாஞ்சி தான். ஊரை முதலில் அமைத்த தலைவனின் நினைவுக்கு உரிய இடம் அது. ஊருக்கு வெளியே வெட்டாமல் விட்ட சால் மரத் தோப்பு, ஜாஹேர் தான். அங்கேதான் பரம்பரை வழிபாடுகள் நடக்கும்.

ஊர்த் தலைவருக்கு மாஞ்சி என்று பெயர். அவருக்கு உதவியாகப் பாராணிக். வாலிபரின் நடத்தையையும் கலியாணக் காரியங்களையும் கவனிக்க ஜோக் மாஞ்சி. வீடு வீடாகச் செய்தி சொல்ல கோடெத். தோப்பில் வழிபாடு நடத்த நாயகே என்ற பூசாரி. வயல்புறத்து ஆவிகளுக்குரிய சடங்குகளுக்கு கூடாம் நாயகே என்ற இன்னொருவர். பெரும்பாலும் தகப்பனுக்குப் பின் மகன் என்று இந்தப் பொறுப்புகள் வந்தாலும், ஊர் ஒத்துக்கொள்ளாமல் எவரும் நிலைக்க முடியாது. இவர்களுக்கு அரண்மனையோ பல்லக்கோ கிடையாது. மாஞ்சியும் மற்றவர்களைப்போலவே ஏர் பிடிக்கிறவர்தான்.

தகராறு வந்தால் கோடெத் போய்ச் சொல்லுவார். தெருவிலே ஆண்கள் கூடி உட்காருவார்கள். அதற்குக் குல்ஹி துருப், அதாவது தெருவில் அமர்தல், என்று பெயர். வேதத்தில் போவாஸ் பட்டணவாசலில் மூப்பர் பத்துப் பேரை உட்காரவைத்து ரூத்தின் காரியத்தை முடித்தது நினைவிருக்கிறதல்லவா? ஏறக்குறைய அதே காட்சி. மாஞ்சி தீர்ப்பை அறிவிக்கிற நீதிபதி அல்ல. எல்லாரும் பேசுவார்கள், பேசிப் பேசி ஒரு மனம் உண்டாகும், அதை அவர் வாய்விட்டுச் சொல்லுவார். ஓட்டெடுப்பில் 51 பேர் 49 பேரை ஜெயிக்கிற முறை அவர்களுக்குப் பிடிப்பதில்லை. தோற்றவனும் நாளை அதே தெருவில்தானே வாழவேண்டும்! நம் சபைத் தேர்தல்களைப் பார்க்கும்போது, அந்த முறையில் ஏதோ இருக்கிறது என்றே தோன்றுகிறது.

ஊரில் தீராத வழக்கு பல கிராமங்களுக்குத் தலைவரான பர்கனாவிடம் போகும். அங்கும் தீராவிட்டால் மேல்முறையீட்டுக்கு ஓர் இடம் உண்டு, அது காடு. ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் பல ஊர் ஆண்கள் சேர்ந்து பெருவேட்டைக்குப் போவார்கள். அதை நடத்துகிறவர் திஹ்ரி என்ற வேட்டைப் பூசாரி. அவர் சால் மரக் கிளையைச் சந்தைகளுக்கும் ஊர்களுக்கும் அனுப்புவார். கிளையில் எத்தனை இலையோ, வேட்டைக்கு அத்தனை நாள். இரவில் காட்டிலே கூடும் அந்தச் சபைக்கு லோ பிர் என்று பெயர். அங்கே எவரும் எழுந்து பேசலாம். மாஞ்சிமேலும் பர்கனாமேலும்கூடக் குற்றம் சாட்டலாம். தலைவனையே நிறுத்திக் கேள்வி கேட்கும் இடத்தை எழுத்தறியாத அந்தச் சமுதாயம் வைத்திருந்தது. ஆனால் அந்தச் சபையில் பெண்களுக்கு இடம் கிடையாது. ஒரே குலத்துக்குள் முறைகேடாக உறவு கொண்டவனை பித்லாஹா என்னும் ஊர்விலக்குக்கு உட்படுத்துவதும் அங்கே முடிவாகும். கூட்டம் கூட்டமாகப் போய் அவன் வீட்டை அசுத்தப்படுத்துகிற கடுமையான தண்டனை அது. எல்லாம் இனிமையாக இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

வயலும் வட்டிக்காரனும்

சந்தால்கள் வேட்டையாடி மட்டும் பிழைத்தவர்கள் அல்ல. காட்டை வெட்டி, சரிவில் வரப்புக் கட்டி, பள்ளத்தை நெல் வயலாக மாற்றுவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். வீட்டையொட்டிய பாரி நிலத்தில் மக்காச்சோளமும் காய்கறியும், மேட்டில் சிறுதானியமும் பயறும், பள்ளத்தில் நெல்லும் விளையும். காடு மற்றதைத் தரும். சால் இலையைத் தைத்து உண்கலம், இலுப்பை இனத்தைச் சேர்ந்த மஹுவா மரத்தின் பூ, பீடிக்கான கெந்து இலை, பல்குச்சி, விறகு, மருந்து வேர் இவையெல்லாம் அங்கிருந்தே. மஹுவா பூவை வாரி எடுத்து உலர்த்தி வைத்தால் பஞ்ச காலத்தில் அதுவே சாப்பாடு. வசந்தத்தில் பாஹா என்னும் பூத்திருவிழா முடியும்வரை புதுப் பூவை எடுக்கக் கூடாது, பெண்கள் தலையில் சூடவும் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. அறுவடைக்குப் பிறகு சோஹ்ராய். சந்தால் பர்கானாவில் அது ஜனவரியில், நம் பொங்கலையொட்டி வரும். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் பூசி, ஐந்து நாள் கொண்டாட்டம். நம் ஊர் மாட்டுப் பொங்கலைப் பார்த்து வளர்ந்த ஊழியர்கள் அங்கே அதைக் கண்டு அசந்துபோவதில் வியப்பில்லை.

நிலத்தைத் திருத்தின அந்தத் திறமையே அவர்களுக்குக் கண்ணியாகவும் அமைந்தது. 1832-ல் ஆங்கில ஆட்சி ராஜ்மகால் மலைகளைச் சுற்றியிருந்த நிலத்தை அளந்து தாமின்-இ-கோ என்று பெயரிட்டு, காடு வெட்டிக் குடியேறச் சந்தால்களை அழைத்தது. 1838-ல் அங்கே ஏறக்குறைய 3,000 பேர். 1851-ல் 82,000-க்கும் மேல். காடு வயலானதும் பின்னாலேயே வந்தார்கள் லேவாதேவிக்காரர்கள். நெல்லை வாங்கும்போது பெரிய எடை, உப்பை விற்கும்போது சிறிய எடை. சந்தால் தன் கடனுக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைப்பான். முடிச்சுகள் ரூபாய்க்கு, முடிச்சுகளின் நடுவே விடும் இடைவெளி வருஷங்களுக்கு. கடன் கொடுத்தவனிடமோ கணக்குப் புத்தகம். நீதிமன்றத்தில் கயிறு செல்லுமா, புத்தகம் செல்லுமா? கடனைக் கட்ட முடியாதவன் உழைத்துத் தீர்க்கவேண்டும். காமியோதி என்ற அந்த அடிமைக் கட்டு தகப்பனிலிருந்து மகனுக்கும் தொடர்ந்தது.

1855 ஜூன் 30-ந் தேதி போக்னாதி கிராமத்தில் ஏறக்குறைய 10,000 பேர் கூடினார்கள். சித்து முர்மு, கானு முர்மு என்ற சகோதரர்கள் தலைமை தாங்கினார்கள். வேட்டைக்கு அழைக்கிற அதே சால் மரக் கிளைதான் அப்போதும் ஊர் ஊராகப் போயிற்று. ஹுல் என்று அவர்கள் இன்றும் சொல்லும் அந்த எழுச்சியை அடக்க நவம்பரில் இராணுவச் சட்டம் போடப்பட்டது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். சித்துவும் கானுவும் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். அது சிப்பாய்க் கலகத்துக்கு இரண்டு வருஷம் முந்தியது என்பதை நம் பள்ளிக்கூடப் புத்தகங்கள் நமக்கு அழுத்திச் சொல்லவில்லை.

இரத்தம் சிந்தினபிறகாவது அரசாங்கம் ஒன்றைப் புரிந்துகொண்டது. 1855-லேயே சந்தால் பர்கானா தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. கிராமக் காவல் பொறுப்பு மீண்டும் மாஞ்சிகளிடம் விடப்பட்டது. பின்னாளில் வந்த 1949-ம் ஆண்டு சந்தால் பர்கானா குத்தகைச் சட்டம், குடியானவரின் நிலத்தை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது என்று தடுத்தது. லேவியராகமத்தில், நிலம் அறுதியாய் விற்கப்படக்கூடாது என்ற கட்டளையைப் படிக்கும்போது அது பழங்காலத்து இஸ்ரவேலுக்கு என்று கடந்துபோகிறோம். அங்கே அது இன்றைய வழக்கு. 2016-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதா ஜார்க்கண்ட் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு பலமாயிற்று. 2017-ல் அப்போதைய ஆளுநர் திரௌபதி முர்மு கையெழுத்திடாமல் அதைத் திருப்பி அனுப்பினார். அரசும் அதைக் கைவிட்டது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் சந்தால் குடும்பத்தில் பிறந்த அவர் 2022 ஜூலை 25 அன்று நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

சட்டம் இருந்தும் நிலம் கைமாறத்தான் செய்கிறது. அடமானம் என்றும் வாய்ப்பேச்சு ஒப்பந்தம் என்றும் பல பெயர்களில். மருத்துவச் செலவும் அதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறக்கக் கூடாது. வயலில் வேலையில்லாத நாட்களில் நடவுக்கும் அறுப்புக்கும் வங்காளத்துக்குப் போவது பழைய வழக்கம். இப்போது ஜார்க்கண்டிலிருந்து திருப்பூருக்கும் வேலைக்கு வருகிறார்கள். பனியன் கம்பெனி வாசலில் நாம் "வடக்கத்திப் பையன்" என்று ஒரே பேரில் அழைத்துவிடுகிறவர்களில், ஒரு மாஞ்சியின் பேரனும் இருக்கலாம்.

குடும்பம், பெண், பயம்

சந்தால்களுக்குள் 12 குலங்கள் என்பது மரபு. முர்மு, ஹேம்ப்ரம், மராண்டி, சோரேன், கிஸ்கு, துடு, ஹான்ஸ்தா, பாஸ்கே, பேஸ்ரா என்பவை அடிக்கடி கேட்கும் பெயர்கள். ஒரே குலத்துக்குள் கலியாணம் கிடையாது. பேச்சைத் தொடங்குகிறவர் ராய்பார் என்ற தூதர். முகூர்த்த நாளைத் தெரிவிக்க முடிச்சுப் போட்ட நூலை உறவினருக்கு அனுப்புவார்கள். நாளுக்கு ஒரு முடிச்சு அவிழ்த்து, கடைசி முடிச்சு அவிழும் நாளில் கலியாண வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். அங்கே பணம் கொடுக்கிறவன் மாப்பிள்ளை வீட்டுக்காரன், அதுவும் சிறு தொகை. வரதட்சணை வாங்கிக்கொண்டு ஆலயத்தில் கலியாணம் நடத்தும் நாம் இந்த இடத்தில் தலைகுனியத்தான் வேண்டும். விவாகம் முறிந்தால் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கணவன் மூன்று சால் இலைகளைக் கிழித்து, தண்ணீர்ச் செம்பைக் கவிழ்ப்பான்.

மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்ற தாத்தாவின் பெயர். ஆகவே தாத்தாவும் பேரனும் ஒரே பெயரோடு, ஒரே குலத்தோடு, ஒரே ஊரிலிருந்து வந்து நின்றால், சீட்டு எழுதுகிறவர் கவனமாக இருக்கவேண்டும். இன்னொரு முறையும் உண்டு. கணவனின் அண்ணனும் தம்பி மனைவியும் ஒருவரையொருவர் தொடமாட்டார்கள், ஒரே கட்டிலில் அமரமாட்டார்கள். நெருக்கடியான வார்டில் இதை அறியாமல் "இங்கே உட்காருங்கள், அவளைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால் இருவருக்கும் தாங்கமுடியாத வெட்கம். மைத்துனன், கொழுந்தி முறையிலோ கேலியும் சிரிப்பும் தாராளம்.

பெண்கள் வயலிலும் சந்தையிலும் சுதந்தரமாக நடமாடுகிறார்கள். ஆனால் ஏர் பிடிக்கக் கூடாது, கூரை மேய ஏறக் கூடாது, வில்லைத் தொடக் கூடாது என்பது பழைய விதி. நிலமும் மகன்களுக்கே. மகளுக்கு அன்பாகக் கொஞ்சம் நிலம் கொடுப்பதும், ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மருமகனை வீட்டோடு வைத்து மகனாகப் பாவிப்பதும் உண்டு. விதவைக்குக் கணவனின் நிலத்தில் வாழ்நாள் வரைக்கும் உரிமை. அதன்பின் அது கணவனின் பங்காளிகளுக்குப் போகும்.

நோய் வந்து குழந்தை இறந்தால் அதற்குக் காரணம் சூனியக்காரி என்று நம்புவது அங்கே ஆழமாக வேரூன்றின பயம். ஊரார் ஜான் என்ற குறிசொல்கிறவனிடம் போவார்கள். அவன் ஒரு பெயரைச் சொல்லுவான். அந்தப் பெயர் பல நேரங்களில் துணையற்ற ஒரு விதவையின் பெயராக இருக்கும். அவள் செத்தாலோ ஊரைவிட்டு ஓடினாலோ நிலம் யாருக்குப் போகும் என்று மேலே சொன்னதைச் சேர்த்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் நிலமே காரணம் என்று சொல்ல முடியாது. பயமும் உண்மையானதுதான். மலேரியாவும் காலா அசாரும் இந்த மாவட்டங்களைப் பல்லாண்டுகள் வாட்டின. காரணம் தெரியாத சாவு வரிசையாக வரும் ஊரில் யாரையாவது காரணமாகக் காட்டவேண்டியிருந்தது. 1999-ல் பீகார் இதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. 2000 நவம்பர் 15-ல் பிறந்த ஜார்க்கண்ட் 2001-ல் அதை ஏற்றுக்கொண்டது. சட்டம் வந்தபின்னும் அடி உதைகளும் கொலைகளும் நின்றுவிடவில்லை. ஒரு குழந்தையின் காய்ச்சலை நேரத்தில் இரத்தப் பரிசோதனை செய்து குணமாக்கினால் தப்புவது அந்தக் குழந்தை மாத்திரம் அல்ல என்று அங்கே பணிசெய்கிறவர்கள் அறிவார்கள்.

முன்னோடிகள் கேட்டதும் எழுதினதும்

1867-ல் நார்வேக்காரரான ஸ்க்ரெஃப்ஸ்ரூடும் டென்மார்க்கைச் சேர்ந்த போரெசனும் பெனகாரியாவில் ஊழியத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் பிரசங்கித்தது மாத்திரம் அல்ல, உட்கார்ந்து கேட்டார்கள். கோலேயான் என்ற வயதான சந்தால் குரு தன் ஜனத்தின் பழக்கங்களையும் பாரம்பரியங்களையும் சொல்லச் சொல்ல, ஸ்க்ரெஃப்ஸ்ரூட் எழுதிக்கொண்டார். அது 1887-ல் சந்தாலியிலேயே புத்தகமாக வந்தது. கிறிஸ்தவர் அல்லாத சந்தால்களும் தங்கள் முன்னோரைப் பற்றி அறிய இன்றைக்கும் அதையே எடுத்துப் பார்க்கிறார்கள். அவருக்குப் பின் வந்த பால் ஓலாஃப் போடிங் ஐந்து பெரிய தொகுதிகளில் சந்தாலி அகராதி செய்தார். நாட்டு வைத்தியத்தைப் பற்றியும் 1925 முதல் மூன்று பகுதிகளாக எழுதி, 300-க்கும் மேற்பட்ட மருந்து முறைகளைப் பதிவு செய்தார். எந்த வேர், எந்தப் பட்டை, எதற்கு என்று கேட்டுக் கேட்டு எழுதின பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

இடறலும் இருந்தது. மாஞ்சி தானிலும் தோப்பிலும் பலி, சோற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் ஹண்டி மது, இவை இல்லாமல் ஊர்க்காரியம் எதுவும் நடவாது. விசுவாசத்துக்கு வந்தவர்கள் அவற்றிலிருந்து விலகினபோது, தெருவில் அமரும் சபையிலிருந்தும் விலகினவர்களாக எண்ணப்பட்டார்கள். பல ஊர்களில் இன்றைக்கும் இந்த வலி தீரவில்லை. வழிபாட்டில் சேராமல் ஊரில் சேர்ந்திருப்பது எப்படி என்பதை ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்கிறது.

1996-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய பெசா சட்டம், பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கும் அதன் மரபுவழி வழக்கங்களுக்கும் இடம் கொடுத்தது. ஜார்க்கண்டில் 2010-ல்தான், 32 வருஷங்களுக்குப் பிறகு, பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. ஆகவே இப்போது ஓட்டு வாங்கின முக்கியா ஒரு பக்கம், ஓட்டுக் கேளாத மாஞ்சி ஒரு பக்கம். ரோடு போடும் பணம் முக்கியாவிடம் வரும். மனஸ்தாபம் வந்தால் ஜனம் மாஞ்சியிடம் போகும்.

இந்த ஊர்களைப் பார்த்துவரப் புறப்படுகிற பங்காளர்களுக்குச் சில வார்த்தைகள். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் மாஞ்சியைக் கண்டு பேசுங்கள். "ஜோஹார்" என்று கும்பிட்டால் போதும். சால் தோப்பில் இலை பறிக்காதீர்கள், கேளாமல் போட்டோ எடுக்காதீர்கள். வீட்டுக்குப் போனால் கயிற்றுக் கட்டில் போட்டு, வீட்டுப் பெண் ஒரு செம்புத் தண்ணீரை உங்கள்முன் வைத்து வணங்குவாள். அதுதான் வரவேற்பு. வந்த காரியத்தை உடனே ஆரம்பிக்காமல், அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டு, மழை பெய்ததா, நடவு ஆயிற்றா, மாடு சுகமா என்று விசாரியுங்கள். அவர்களும் உங்கள் ஊரில் மழை எப்படி என்று கேட்பார்கள்.